கேரவனில் மலைப்பயணம்: எந்த மாதத்தில் எந்த மலை?

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி கேரவன். விடுதியில் தங்கும் பயணியைவிட, கேரவனில் மலைக்குப் போகிறவருக்குப் பருவம் பல மடங்கு முக்கியம். மழை பிடித்துக்கொண்டால் விடுதியில் தங்குபவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாம். கேரவன்காரருக்கோ, இரவு படுக்கும் வீடே மலைச்சரிவின் ஓரத்தில் நிற்கிறது. விடிந்ததும் அதே வீட்டை ஈரச் சாலையில் கீழே இறக்கியாக வேண்டும். எனவே மலையின் அழகைப் பார்க்கும் முன் மலைச் சாலையின் நிலையைப் பார்த்து மாதத்தைக் குறிப்பதுதான் சரியான முறை.

இதை ஆட்டையாம்பட்டியிலிருந்து பார்த்தால் தெளிவாக விளங்கும். சேலத்துக்குத் தெற்கே, முறுக்குக்கும் தறிக்கும் பெயர் பெற்ற இந்த ஊரிலிருந்து ஒரு திசையில் சேர்வராயன் மலை, மறு திசையில் ராசிபுரம் தாண்டி கொல்லிமலை. மேற்கே போனால் அரை நாளில் நீலகிரி, தெற்கே போனால் கொடைக்கானல். வேனில் கேஸ் அடுப்பும் குண்டானும் ஏற்றிக்கொண்டு, வழியில் நிழல் கண்ட இடத்தில் சமைத்துச் சாப்பிட்டுப் போகும் வழக்கம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழகியது. லாரிக்கு பாடி கட்டும் நாமக்கல் பட்டறைகளும், போர்வெல் ரிக் வண்டிகளின் திருச்செங்கோடும், லாரித் தொழிலின் சங்ககிரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. கேபினிலேயே சமைத்து, கேபினிலேயே உறங்கி இந்தியா முழுக்கச் சுற்றும் ஓட்டுநர்கள் நிறைந்த மண் இது. கேரவன் என்ற பெயர்தான் இங்கே புதிது.

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. அதன்பின் வாடகைக் கேரவன்கள் தென்னிந்தியா முழுக்கப் பேசப்படுகின்றன. சொந்த வேனைக் கேரவனாக மாற்ற நினைப்பவர்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்பதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

பருவம் எவற்றைத் தீர்மானிக்கிறது?

முதலாவது, சாலை. மலைச் சாலை என்பது சரிவை வெட்டி எடுத்த திட்டு. ஒரு பக்கம் வெட்டுச் சுவர், மறு பக்கம் பள்ளம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரே நாளில் 200 மி.மீ. பெய்தால் சதுர மீட்டருக்கு 200 லிட்டர் மண்ணுக்குள் இறங்கப் பார்க்கும். மண் ஊறி, எடை கூடி, பாறையோடு உள்ள பிடி தளரும்போது சரிகிறது. பல நாள் பெய்த தூறலுக்குப் பின் வரும் ஒரு பெருமழைதான் பெரும்பாலும் சரிவைக் கிளப்பும். அதனால் பருவத்தின் முதல் வாரத்தைவிட, மண் ஏற்கனவே ஊறிக் கிடக்கும் நடுப்பகுதியும் கடைசிப் பகுதியும் ஆபத்தானவை.

இரண்டாவது, பிரேக். 3.5 டன் எடையுள்ள வேன் 1,000 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது ஏறத்தாழ 9.5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளிப்படுகிறது. அந்த ஆற்றலின் பெரும்பகுதியை எஞ்சினும் பிரேக்கும்தான் தாங்கியாக வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சின் அதில் கணிசமான பங்கை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுச்சுமையும் பிரேக் லைனருக்குப் போய், சூடேறி, பிடி விட்டுப்போகும். கேரவனில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே நூறு கிலோ ஏறிவிடுகிறது. அதோடு கட்டில், பேட்டரி, சிலிண்டர். சாலை ஈரமாக இருந்தால் டயரின் பிடியும் குறைகிறது. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழை மிக வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழவழப்பாகிவிடும்.

மூன்றாவது, பார்வை. பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவின் அடுத்த முனை தெரியாது. நான்காவது, இரவின் குளிர். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். தகரத்தால் ஆன வண்டி, கல் கட்டடத்தைவிட வேகமாகச் சூடேறி, வேகமாகக் குளிர்ந்துவிடும். ஐந்தாவது, தண்ணீர். கோடையில் மலையூர்களிலேயே குடிநீருக்குத் தட்டுப்பாடு வரும்போது, வண்டித் தொட்டிக்கு நீர் கேட்பது ஊர்க்காரர்களுக்கும் சுமை.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி கேரவனுக்கு நன்றாகப் பொருந்தும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளில் பலமாக அடிக்கும். உயரமான பக்கச்சுவர் கொண்ட வண்டியை அது பக்கவாட்டில் தள்ளும். கூரையில் சுமைச்சட்டமோ பெட்டியோ கட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை.

இரண்டு மழைகள், இரண்டு வகை மலைகள்

தமிழ்நாட்டு மலைகளுக்கு ஒரே பருவம் கிடையாது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் தொடங்கி செப்டம்பர் வரை நீடிக்கும். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து நிறுத்துகிறது. மலையின் மேற்கு முகம் நனைந்து குளிர, கிழக்கே சேலம், நாமக்கல் சமவெளிக்கு வந்து சேரும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை திசை மாறி வங்கக்கடலிலிருந்து வருகிறது. அப்போது சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன் போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளும், நீலகிரியின் கிழக்குச் சரிவும், கொடைக்கானலும் நனைகின்றன.

இதிலிருந்து ஒரு எளிய விதி கிடைக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கு நோக்கிய மலைகளைத் தவிர்க்க வேண்டும். அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை கிழக்கு நோக்கிய மலைகளைத் தவிர்க்க வேண்டும். இரண்டு மழையும் ஓய்ந்த தை, மாசி மாதங்களில் ஏறக்குறைய எல்லா மலைகளும் திறந்திருக்கும். இந்த இரண்டு மாதங்களே தமிழ்நாட்டில் கேரவனுக்கான முதல் தேர்வு.

ஏப்ரல், மே மாதங்களில் பெய்யும் கோடை மழை வேறு வகை. காலையில் வெயில் காய்ந்து, பிற்பகலில் மேகம் திரண்டு, மாலையில் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் மலையேறுகிறவர்கள் விடியற்காலையில் புறப்பட்டு, நண்பகலுக்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிடுவது நல்லது.

ஏற்காடு: வீட்டுப் பக்கத்து மலை

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் உண்டு. ஒன்று அடைபட்டால் மற்றொன்று கைகொடுக்கும். கேரவன் பழகுகிறவர்களுக்கு ஏற்ற முதல் மலை இது. தூரம் குறைவு, வானம் மாறினால் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

ஏற்காட்டுக்கு ஏற்ற காலம் டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை. மழை ஓய்ந்து சாலை காய்ந்திருக்கும். காலைப் பனிமூட்டம் வெயிலேறியதும் கலையும். ஜனவரியில் காபித் தோட்டங்களில் பழம் பறிப்பு முடியும் கட்டம். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்த சில நாட்களில் காபிச் செடிகள் ஒன்றாகப் பூத்து, மல்லிகை போன்ற மணம் தோட்டமெங்கும் பரவும். அந்தப் பூ சில நாட்களே நிற்கும் என்பதால், சேலத்துக்காரர்களைப் போல அருகில் இருப்பவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு எளிதாக அமையும்.

மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் நடக்கும். சமவெளி 40 டிகிரியில் காயும்போது எல்லோரும் மேலே ஏறப் பார்க்கிறார்கள். ஏரியைச் சுற்றி வண்டி நிறுத்தவே இடமிருக்காது. நெரிசல் நாட்களில் அடிவாரச் சாலையை ஏறுவதற்கும் குப்பனூர்ச் சாலையை இறங்குவதற்கும் ஒதுக்கிப் போக்குவரத்தை ஒருவழியாக்குவதும் உண்டு. கேரவனோடு போகிறவர்கள் கோடை விழாவின் சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாட்களில் போவது மேல். நண்பகல் வெயிலில் அடிவாரத்திலிருந்து ஏசியைப் போட்டுக்கொண்டு முதல் கியரில் ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். ஏறும் வரை ஏசியை நிறுத்தி வைப்பது எஞ்சினுக்கு நல்லது.

தவிர்க்க வேண்டிய காலம் ஐப்பசியும் கார்த்திகையும். 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களிலும் பெருமழையைக் கொட்டியது. ஏற்காட்டுச் சாலையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ள மலை என்பதால் புயல் தொடாது என்று எண்ணுவது தவறு என்பதை அந்த டிசம்பர் காட்டியது.

கொல்லிமலை: 70 வளைவுகளின் கணக்கு

காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வருவதால், நீளமான வண்டி ஒரே ஒடிப்பில் திரும்பாது; பின்னுக்கு எடுத்து மறுபடி திருப்ப வேண்டிய இடங்கள் வரும். எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒதுங்கி நிற்க வேண்டும். மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை என்பது போக்குவரத்து விதி. குறுகிய இடத்தில் இறங்கும் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும். எனவே கொல்லிமலைக்குச் சிறிய வேன்தான் பொருத்தம். முள்ளுக்குறிச்சி வழியாக வரும் மாற்றுப் பாதையையும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இறங்கும்போது நடப்பதைக் கவனித்தால் பருவத்தின் பங்கு புரியும். காய்ந்த சாலையில் இரண்டாம் கியரில், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்கும் வண்டியில் லேசான லைனர் வாசம் வரும். அகலமான ஓரிடத்தில் கால் மணி நேரம் நிறுத்தினால் டிரம் ஆறிவிடும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக்கூடாது, விரிசல் விடும். மழை நாளில் இதே இறக்கத்தில் நிறுத்துவதற்கு இடம் தேடுவதே சிரமம். ஒதுங்கும் ஓரமெல்லாம் சேறு, வெட்டுச் சுவரிலிருந்து கல் உருளும், பின்னால் வருபவருக்கு நிற்கும் வண்டி தெரியாது.

ஆகாய கங்கை அருவியில் நீர் பெருகி நிற்பது மழைக்காலத்தில். ஆனால் பெருமழையில் குளிக்கத் தடை விதிக்கப்படும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஈரத்தில் வழுக்கும். மழை ஓய்ந்த மார்கழி இறுதி, தை மாதங்களில் அருவியில் நீரும் இருக்கும், சாலையும் காய்ந்திருக்கும். இரண்டும் ஒன்றாக வாய்க்கும் அந்தச் சில வாரங்களே கொல்லிமலைக்கு ஏற்ற பருவம். பங்குனி, சித்திரையில் அருவி மெலிந்துவிடும்.

ஆடி 17, 18 நாட்களில் கடையேழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரிக்கு இங்கே அரசு விழா எடுக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் அருவிக்கும் ஆடிப்பெருக்கன்று மக்கள் திரளாக வருவார்கள். விழாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேனைக் கீழேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறினால் விழாவையும் நிம்மதியாகப் பார்க்கலாம், நெரிசலையும் கூட்ட வேண்டியதில்லை.

நீலகிரி: இரு முகங்களும் இ-பாஸும்

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் நீலகிரி முழுவதற்கும் ஒரே பருவம் என்று சொல்ல முடியாது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகள் தென்மேற்கு மழையில் நனைபவை. 2019 ஆகஸ்ட் 8-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 செ.மீ. மழை பதிவானது. குன்னூர், கோத்தகிரி ஆகிய கிழக்குப் பகுதிகளுக்கு வடகிழக்கு மழைதான் சோதனை. 2009 நவம்பரில் அந்தச் சரிவுகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து பல உயிர்கள் போயின. மேட்டுப்பாளையம்-குன்னூர் மலை ரயில் ரத்து என்ற செய்தி பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வருவது இதனால்தான். ரயில் பாதையில் மண் சரிகிற நாளில் அதே சரிவில் ஓடும் சாலையும் பாதுகாப்பானதல்ல.

ஏப்ரல், மே மாதங்கள் ஊட்டியின் முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். முதல் சீசன் நெரிசலைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு வந்தது. சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி முறையும் நடைமுறைக்கு வரும். ஆகவே மே மாதத்தில் கேரவனில் போக நினைப்பவர்கள் பாஸ் கிடைத்த பிறகே விடுமுறை எடுக்க வேண்டும்.

குன்னூர், கோத்தகிரி சாலைகளில் உள்ள பர்லியாறு, குஞ்சப்பனை பக்கம் பலா பழுக்கும் காலத்தில் யானைகள் சாலைக்கு வரும். அந்த மாதங்களில் இருட்டுவதற்குள் காட்டுச் சாலையைக் கடந்துவிட வேண்டும். மைசூர் போகிறவர்களுக்கு பந்திப்பூர் காட்டில் 2009 முதலே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை உண்டு. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையைப் பகலில் கடக்கும்படி நேரம் வகுக்க வேண்டும்.

ஊட்டிக்குக் கேரவனில் போக நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. கூட்டம் குறைவு, வானம் தெளிவு. ஜனவரி அதிகாலையில் புல்வெளியில் உறைபனி படியும். வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும் நாட்களும் உண்டு. குளிரைத் தாங்கும் ஏற்பாடு இருந்தால் இதுவே சிறந்த பருவம். கைக்குழந்தையும் முதியவரும் உடன் வந்தால் பிப்ரவரி பிற்பகுதி நல்லது.

கொடைக்கானலும் வால்பாறையும்

கொடைக்கானலுக்கு வடகிழக்கு மழைதான் பெரியது. அக்டோபர், நவம்பரில் வத்தலக்குண்டு சாலையிலும் பழனி சாலையிலும் மரம் விழுவதும் மண் சரிவதும் வழக்கம். தையிலிருந்து பங்குனி வரை உகந்த காலம். குறிஞ்சி பூக்கும் ஆண்டு மட்டும் விதிவிலக்கு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல், ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் எதிர்பார்க்கப்படுகிறது. அதைப் பார்க்க மழைக்கு நடுவே கிடைக்கும் வறண்ட நாட்களைத் தேடித்தான் போக வேண்டும்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சேரும் வால்பாறை, தென்மேற்கு மழையை நேராக வாங்கும் ஊர். பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே கேரவனை ஏற்றக்கூடாது. மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணில் புதைந்து 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அடித்துச் சென்றது. இரண்டும் ஆடி மாதத்துக்குள், எல்லோரும் உறங்கும் நேரத்தில் நடந்தவை. மேற்கு மலையில் ஆடி மாதத்தில் வண்டியை நிறுத்தி உறங்கத் திட்டமிடுகிறவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை வால்பாறைக்கு நல்ல பருவம். அப்போது யானைக் கூட்டங்கள் தேயிலைத் தோட்டங்களில் நடமாடும். மாலைக்குப் பின் வண்டியை விட்டு இறங்காமல் இருப்பது பாதுகாப்பு.

வறண்ட பருவத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை காடு சருகாகக் காய்ந்து கிடக்கும். அப்போது வெட்டவெளியில் விறகு அடுப்பு மூட்டுவதும் சிகரெட் துண்டை வீசுவதும் கூடவே கூடாது. சமையல் வண்டிக்குள்ளேயே முடிய வேண்டும்.

இமயம்: கணக்கு தலைகீழ்

வடக்கே லாரி ஓட்டுகிறவர்கள் நிறைந்த மாவட்டங்களுக்கு இமயமும் அந்நியமல்ல. காஷ்மீர் ஆப்பிள் இறங்கும் செப்டம்பர், அக்டோபரில் அந்தச் சாலைகளில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அங்கே முடிவு செய்வது பனிப்பொழிவு. மணாலி-லே சாலை பெரும்பாலும் மே இறுதி அல்லது ஜூனிலிருந்து அக்டோபர் வரையே முழுமையாகத் திறந்திருக்கும். 2020 அக்டோபர் 3-இல் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கம் ரோத்தாங் கணவாயைத் தவிர்க்க வழி செய்தது. ஆனால் அதற்கு அப்பால் உள்ள பாராலாச்சா, தங்லங் போன்ற உயர்ந்த கணவாய்களைக் கடந்தாக வேண்டும்.

லடாக் மழை மறைவுப் பகுதி. அங்கே ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள்தான். ஆனால் அங்கு போகும் வழி இமாச்சலத்தின் மழைச் சரிவுகளில் ஓடுகிறது. 2023 ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் குலு, மணாலி சாலையை அரித்தெடுத்தது. 2013 ஜூன் 16, 17-இல் கேதார்நாத்தில் ஏற்பட்ட பேரழிவு, பருவமழை எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிடும் என்பதைக் காட்டியது. மே, ஜூனில் புறப்பட்டால் நாக்பூர், குவாலியர் வழியாக 45 டிகிரி வெயிலில் தகர வண்டிக்குள் பல இரவுகள் கழிக்க வேண்டும்.

எனவே சேலம் பகுதியிலிருந்து போகிற கேரவனுக்கு இமயத்தின் சிறந்த பருவம் செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. வடமேற்கு இந்தியாவிலிருந்து பருவமழை செப்டம்பர் 17-ஐ ஒட்டி விலகத் தொடங்கும். வழியிலும் வெயில் தணிந்திருக்கும். ஊரில் ஆயுத பூஜை விடுமுறையும் அதை ஒட்டியே வரும்.

குளிரில் வண்டிக்குள் வாழ்வது

பருவத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் உயரம் சில வேலைகளை மாற்றிவிடும். ஊட்டியில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த குண்டானில் அரிசி வேக நேரமாகும், பருப்பு இன்னும் தாமதிக்கும். குக்கர் கையோடு இருந்தால் கேஸும் மிச்சம். சமையல் கேஸில் உள்ள பியூட்டேன், பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் சரியாக ஆவியாகாது. லடாக்கின் அக்டோபர் காலையில் அடுப்பு மங்கி எரிவது இதனால்தான். டீசலில் உள்ள மெழுகும் கடுங்குளிரில் திரளும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டில் நிரப்பிய டீசலோடு பனிக்காலத்தில் அங்கே போகக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. குளிர் காய, மூடிய வண்டிக்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ எரியவிட்டு உறங்கவே கூடாது. காற்றோட்டமில்லாத இடத்தில் எரியும் நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். கம்பளிகளைக் கூட்டிக்கொண்டு, எதிரெதிர் பக்கத்து இரண்டு ஜன்னல்களை விரற்கடை திறந்து வைப்பதே வழி. மூச்சிலிருந்து வரும் ஈரம் கண்ணாடியில் வழிந்து படுக்கையை நனைப்பதும் அப்போது குறையும்.

இரவு நிறுத்தும் இடம்

வனப்பகுதிச் சாலையோரத்தில் இரவு தங்க அனுமதி கிடையாது. ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானலில் உள்ள தமிழ்நாடு ஓட்டல் போன்ற விடுதிகளிலோ தனியார் விடுதி வளாகத்திலோ முன்பே கேட்டு நிறுத்துவதுதான் முறை. எந்த மாதமானாலும் வெட்டுச் சுவரின் அடியிலும், ஓடை இறங்கும் பள்ளத்திலும், தடுப்புச் சுவரின் விளிம்பிலும் நிறுத்தக்கூடாது. சரிவில் மரங்கள் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தாலும், சுவரில் புதிய விரிசல் தெரிந்தாலும், தெளிந்து ஓடிய ஊற்று திடீரெனக் கலங்கினாலும் மண் நகரத் தொடங்கியிருக்கலாம். அந்த இடத்தை விட்டு உடனே விலக வேண்டும். கழிவுநீரை ஓடையில் விடாமல் சேர்த்துவைத்து ஊரில் உரிய இடத்தில் கொட்டுவதும், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதும் மலைக்குச் செய்யும் கடமை.

விடுமுறையும் மலையும்

பெரும்பாலான குடும்பங்களுக்கு மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருப்பதில்லை. பள்ளி விடுமுறையும், தறி நிற்கும் நாட்களும்தான் முடிவு செய்கின்றன. அவர்கள் கையிலிருக்கும் விடுமுறைக்கு ஏற்ற மலையைத் தேடினால் போதும்.

பொங்கல் விடுமுறை: ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை. பொங்கல் நாட்களின் நெரிசலைத் தவிர்த்து ஓரிரு நாள் தள்ளிப் புறப்பட்டால் நல்லது.

மாசி, பங்குனி வார இறுதிகள்: ஊட்டி, கொடைக்கானல். காட்டில் நெருப்பு வேண்டாம்.

மே விடுமுறை: வார நாட்களில் ஏற்காடு, இ-பாஸ் இருந்தால் ஊட்டி அல்லது கொடைக்கானல். காலையில் ஏறி, மாலை மழைக்கு முன் ஒதுங்க வேண்டும்.

ஆடி, ஆவணி: மேற்கு மலைகள் வேண்டாம். எச்சரிக்கை இல்லாத நாட்களில் ஏற்காட்டுக்கோ கல்வராயனுக்கோ குறுகிய பயணம் போகலாம்.

காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை: நீண்ட விடுப்பு இருந்தால் இமயம், இல்லையென்றால் பருவமழைக்கு முந்திய சில நாட்களில் ஊட்டி.

தீபாவளி முதல் கார்த்திகை முடிய: மலைப் பயணத்தைத் தள்ளி வைப்பதே நல்லது. வண்டியின் பிரேக் லைனர், டயர், வைப்பர், விளக்கு ஆகியவற்றைப் பட்டறையில் பார்த்துக்கொள்ள ஏற்ற காலம்.

அரையாண்டு விடுமுறை: மழை ஓய்ந்திருந்தால் ஏற்காடு, வால்பாறை. புத்தாண்டு நாளைத் தவிர்க்கலாம்.

புறப்படும் வாரம்

பருவம் என்பது சராசரி. புறப்படும் நாளின் வானம் அதற்கு மாறாகவும் இருக்கலாம். இந்திய வானிலைத் துறை மாவட்ட வாரியாக ஐந்து நாள் எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிக கனமழை, 204.5 மி.மீ. முதல் அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் மலைச் சாலையை விசாரித்து முடிவெடுக்க வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பயணத்தை ஒத்திவைக்க வேண்டும். போகும் மலைக்கு மட்டுமல்ல, வழியில் உள்ள மாவட்டங்களுக்கும் பார்க்க வேண்டும். கடந்த வாரம் முழுக்க அங்கே மழை பெய்திருந்தால், இன்றைய வெயிலை நம்பி ஏறக்கூடாது. மண் காய நாளாகும். மின்னலை முன்கூட்டி அறிவிக்கும் தாமினி செயலியும், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணும் கைபேசியில் இருக்க வேண்டும்.

ஏறிய பிறகு எச்சரிக்கை வந்தால், மழை தொடங்கும் முன் பகலிலேயே இறங்கிவிடலாம். மழை தொடங்கிவிட்டால், இருட்டில் இறங்க முயலாமல், ஊருக்குள் சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு இருப்பதே பாதுகாப்பு. இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தாலும் தாங்கும் அளவுக்கு அரிசி, தண்ணீர், மருந்து, கேஸ் வண்டியில் இருக்க வேண்டும். திரும்பும் தேதியில் ஓரிரு நாள் இடைவெளி விட்டுத் திட்டமிடுகிறவர்களுக்கு, அவசரப்பட்டு ஈரச் சாலையில் இறங்க வேண்டிய நிலை வராது.